வெள்ளை எல்லாம் பூஞ்சை அல்ல
வண்ண மீன்களின் நோயும் மருத்துவமும்

ஒரு வீடு. வீட்டின் பின்புறம் ஆறு சிமெண்டுத் தொட்டிகள். தொட்டிகளில் மோலி, கப்பி, தங்கமீன் ஆகியவை வளர்கின்றன. மாதம் ஒருமுறை வியாபாரி வந்து மீன்களை வாங்கிச் செல்வார். அந்தப் பணத்தில்தான் பிள்ளைகளின் பள்ளிச் செலவு நடக்கிறது.

ஒரு நாள் காலை. வீட்டுக்கார அம்மா தீனி போட வந்தார். மற்ற நாள்களில் அவர் கையைக் கண்டதும் மீன்கள் ஓடி வரும். அன்று நான்கைந்து மோலிகள் வரவில்லை. அவை ஓர் ஓரமாக நின்றன. தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. வாயைச் சுற்றி வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

"பூஞ்சைதான் அக்கா. நீல மருந்தை ஊத்துங்க. சரியாயிடும்" என்றார் பக்கத்து வீட்டுப் பெண்.

அவரும் ஊற்றினார். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் பாதி மீன்கள் செத்து மிதந்தன.

மருந்து கெட்டுப்போன மருந்து அல்ல. ஊற்றியவரும் சோம்பேறி அல்ல. பிறகு எங்கே தவறு? நோய் வேறு, மருந்து வேறு. மீனின் மேல் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பூஞ்சை அல்ல.

வண்ண மீன் வளர்ப்பு இந்தியாவில் பல குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில். சென்னையில் கொளத்தூர் இதற்குப் பெயர் பெற்ற ஊர். கொல்கத்தாவில் காலிஃப் தெரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வண்ண மீன்கள் விற்கப்படுகின்றன. மேற்கு வங்கத்தில் கிராமத்துப் பெண்களும் வீட்டு முற்றத்தில் தொட்டி கட்டி மீன் வளர்க்கிறார்கள். இப்படிச் சிறிய அளவில் வளர்ப்பவர்களுக்கு ஒரு தொட்டி மீன் சாவது பெரிய நட்டம். ஆகவே நோயைக் கண்டுபிடிக்கும் வழியை அவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

மூன்று வகை வெள்ளை

மீனின் மேல் வெள்ளை தெரிந்தால் உடனே மருந்துப் புட்டியைத் தேடக்கூடாது. முதலில் ஒரு மீனைக் கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீரோடு எடுத்து, வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதல் வகை பஞ்சு போல இருக்கும். மெல்லிய நூல்கள் வெளியே நீட்டிக்கொண்டு தண்ணீரில் அசையும். இதுதான் பூஞ்சை. இதை நீர்ப்பூஞ்சை என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் இது காயம் பட்ட இடத்தில்தான் பிடிக்கும். வலையில் சிக்கிச் செதில் உதிர்ந்த இடம், மற்ற மீன் கடித்த இடம் ஆகியவை இதற்கு வசதி. குளிர் காலத்தில் இது அதிகம் வரும். மெதுவாகப் பரவும். செத்துப்போன முட்டைகளின் மேலும் பிடிக்கும்.

இரண்டாம் வகை தட்டையாக இருக்கும். சாம்பல் கலந்த வெள்ளை நிறத்தில் தோலோடு ஒட்டிய படலம் போலத் தெரியும். சில நேரம் ஓரத்தில் மஞ்சள் நிறம் இருக்கும். வாயில் வரும். முதுகில் சேணம் போட்டதுபோலவும் வரும். செவுளிலும் வரும். இது பூஞ்சை அல்ல. பாக்டீரியா என்னும் நுண்கிருமியால் வருவது. இதன் பெயர் காலம்னாரிஸ் நோய்.

1922-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டேவிஸ் என்பவர் இந்த நோயைப் பற்றி எழுதினார். மிசிசிப்பி ஆற்று மீன்களில் அவர் இதைக் கண்டார். நுண்நோக்கியில் பார்த்தபோது கிருமிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து தூண்போல நின்றன. தூணைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் காலம்னாரிஸ் என்ற பெயர் வந்தது.

இந்தக் கிருமிக்கு வெப்பம் பிடிக்கும். கோடைக் காலத்தில் வேகமாகப் பரவும். கடுமையாக வந்தால் இரண்டே நாளில் மீன் செத்துவிடும். அந்த வீட்டு மோலிகளுக்கு வந்தது இந்த நோய்தான். நீல மருந்து இதை நிறுத்தவில்லை.

மூன்றாம் வகை உப்புக் கல் தூவியதுபோல இருக்கும். உடம்பிலும் துடுப்பிலும் சிறு சிறு புள்ளிகள் தனித்தனியாகத் தெரியும். மீன் கல்லிலும் சுவரிலும் உடம்பைத் தேய்க்கும். இது வெண்புள்ளி நோய். இது பூஞ்சையும் அல்ல, பாக்டீரியாவும் அல்ல. இது ஓர் ஒட்டுண்ணி.

ஏன் இவ்வளவு கூர்ந்து பார்க்க வேண்டும்? ஒரு காரணம் போதும். வெண்புள்ளி நோய்க்குத் தண்ணீரைக் கொஞ்சம் சூடாக்கி மருத்துவம் செய்வது வழக்கம். காலம்னாரிஸ் வந்த தொட்டியில் அதே சூட்டைக் கொடுத்தால் நோய் இன்னும் வேகமாகப் பரவும். ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சாகிறது.

வெள்ளை இல்லாமல் வரும் நோய்கள்

பாக்டீரியாவால் வரும் வேறு நோய்களும் உண்டு.

துடுப்பு அழுகல்: வாலும் துடுப்பும் ஓரத்தில் கிழிந்த துணிபோல ஆகும். ஓரம் வெளுத்தோ சிவந்தோ இருக்கும். நாளுக்கு நாள் துடுப்பு தேயும். தொடக்கத்திலேயே கண்டால் தண்ணீரைச் சுத்தம் செய்தாலே பல மீன்கள் பிழைத்துக்கொள்ளும். துடுப்பு மீண்டும் வளரும்.

வீக்க நோய்: மீனின் வயிறு ஊதும். செதில்கள் பலாப்பழ முள்போல நிமிர்ந்து நிற்கும். மேலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். கிருமி மீனின் உள்ளுறுப்புகளைத் தாக்கியிருக்கும். உடம்பில் சேரும் நீரை வெளியேற்ற முடியாமல் மீன் வீங்குகிறது. இந்த நிலைக்கு வந்த மீன் பிழைப்பது அரிது. அதை உடனே தனியே பிரிக்க வேண்டும்.

கிருமி எங்கிருந்து வருகிறது?

கிருமி வெளியே இருந்து மட்டும் வருவதில்லை. இந்தக் கிருமிகளில் பல எப்போதும் தண்ணீரில் இருக்கின்றன. நல்ல உடல்நலம் உள்ள மீனின் தோலில் வழவழப்பான ஒரு பூச்சு உண்டு. அது கிருமியை உள்ளே விடாது. மீன் தளர்ந்தால் அந்தக் காவல் தளர்கிறது. அப்போது கிருமி உள்ளே நுழைகிறது.

மீன் ஏன் தளர்கிறது? பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம்.

மீன் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் பொருள் உண்டாகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அம்மோனியா உண்டாகும். அது மீனுக்கு நஞ்சு. தொட்டியின் வடிகட்டியிலும் மணலிலும் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவை அம்மோனியாவைப் படிப்படியாக நஞ்சு குறைந்த பொருளாக மாற்றுகின்றன. ஆக, எல்லாப் பாக்டீரியாவும் பகை அல்ல. தொட்டியைக் காப்பதும் பாக்டீரியாதான்.

மீன்கள் மிக நெருக்கமாக இருந்தால் அம்மோனியா கூடும். தீனி அதிகம் போட்டாலும் கூடும். வடிகட்டிப் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசினால் அதிலுள்ள குளோரின் நன்மை செய்யும் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். அந்தப் பஞ்சைத் தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரிலேயே அலச வேண்டும்.

முதல் மருந்து தண்ணீர்

நோய் கண்ட அன்றே செய்ய வேண்டியவை இவை:

1. நோய் கண்ட மீன்களைத் தனித் தொட்டிக்கு மாற்ற வேண்டும். அதில் காற்றுக் குழாய் ஓட வேண்டும்.

2. பழைய தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். முழுவதையும் ஒரே நாளில் மாற்றினால் மீன் அதிர்ச்சி அடையும்.

3. நகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கலாம். அதை வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்துப் பிறகு ஊற்ற வேண்டும்.

4. அடியில் கிடக்கும் அழுக்கைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். குழாயில் வாய் வைத்து உறிஞ்சக் கூடாது. குழாயை நீரால் நிரப்பிவிட்டுத் தொங்க விட்டால் தானே ஓடும்.

5. ஒரு நாள் தீனியை நிறுத்தலாம். பிறகு குறைவாகக் கொடுக்கலாம்.

6. ஒரு தொட்டிக்குப் போட்ட வலையை மற்றத் தொட்டியில் போடக் கூடாது.

கல் உப்பு மருத்துவம்

சமையல் அறைக் கல் உப்பு மீனுக்கு நல்ல மருந்து. பூஞ்சையின் தொடக்கத்திலும் துடுப்பு அழுகலிலும் அது உதவும். காலம்னாரிஸ் வந்த தொட்டியிலும் ஓரளவு உதவும். ஆனால் அளவு தெரிந்து போட வேண்டும்.

முதலில் தொட்டியில் எத்தனை லிட்டர் தண்ணீர் உள்ளது என்று கணக்கிட வேண்டும். நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளக்க வேண்டும். மூன்றையும் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும்.

எடுத்துக்காட்டு: நீளம் 60, அகலம் 30, உயரம் 30.
60 × 30 × 30 = 54,000.
54,000 ÷ 1000 = 54 லிட்டர்.

ஒரு லிட்டருக்கு 1 கிராம் உப்பு. ஆகவே இந்தத் தொட்டிக்கு 54 கிராம். உப்பைத் தனியே கரைத்து, மூன்று பங்காக, இடைவெளி விட்டு ஊற்ற வேண்டும். மோலி, கப்பி, தங்கமீன் ஆகியவை லிட்டருக்கு 3 கிராம் வரை தாங்கும். அதுவும் இரண்டு மூன்று நாளில் மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். கெளுத்தி இன மீன்கள் அவ்வளவு தாங்கா. செடிகளும் வாடும். ஆகவே தனித் தொட்டியில் செய்வதே நல்லது.

தண்ணீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாகாது. குறைந்த தண்ணீரை ஈடு செய்ய வெறும் தண்ணீர் ஊற்றினால் போதும். தண்ணீரை வெளியே எடுத்து மாற்றினால் மட்டும், எடுத்த அளவுக்கு உரிய உப்பைச் சேர்க்க வேண்டும். மீன் தேறிய பிறகு, சிறிது சிறிதாகத் தண்ணீரை மாற்றி உப்பைக் குறைக்க வேண்டும்.

பூஞ்சைக்கு மெத்திலின் நீலம் என்ற மருந்தும் உண்டு. முட்டைகளைப் பூஞ்சை பிடிக்காமல் காக்க இதைப் பயன்படுத்துகிறார்கள். இது நன்மை செய்யும் பாக்டீரியாவையும் கொல்லும். எனவே தனித் தொட்டியில்தான் போட வேண்டும். புட்டியில் எழுதியிருக்கும் அளவைப் படித்துப் போட வேண்டும். வெளுத்துப்போன முட்டைகளை அவ்வப்போது எடுத்துவிட்டால் பூஞ்சை மற்ற முட்டைகளுக்குப் பரவாது.

மாலகைட் பச்சை என்ற சாயத்தைச் சிலர் போடுகிறார்கள். அது மனிதருக்கும் தீங்கானது. உண்ணும் மீன் வளரும் குளத்தில் அதைப் போடவே கூடாது. மருந்து கலந்த எந்தத் தண்ணீரையும் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டக் கூடாது.

மனிதர் மாத்திரை மீனுக்கு வேண்டாம்

மருந்துக் கடையில் டெட்ராசைக்ளின் மாத்திரை வாங்கி, உடைத்துத் தொட்டியில் கொட்டுவது பல ஊர்களில் உள்ள பழக்கம். இதில் மூன்று கேடுகள் உண்டு. ஒன்று, நன்மை செய்யும் பாக்டீரியா சாகிறது. அம்மோனியா கூடுகிறது. இரண்டு, சுண்ணாம்புச் சத்து மிகுந்த தண்ணீரில் இந்த மருந்தின் வேகம் குறைந்துவிடும். மூன்று, அரைகுறை அளவுக்குத் தப்பிய கிருமி, மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறுகிறது. அடுத்த முறை அந்த மருந்து வேலை செய்யாது.

காலம்னாரிஸ், வீக்க நோய் போன்றவற்றுக்குப் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து தேவைப்படலாம். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்பதைக் கால்நடை மருத்துவரோ மீன்வளத் துறை அலுவலரோதான் சொல்ல வேண்டும். அவரிடம் போகும்போது, நோய் கண்ட மீனை உயிரோடு தண்ணீரில் எடுத்துச் செல்ல வேண்டும். செத்து அழுகிய மீனைப் பார்த்து நோயைச் சொல்வது கடினம்.

கையையும் காக்க வேண்டும்

மீனுக்கு வரும் சில கிருமிகள் மனிதரையும் தாக்கும். காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த ஒரு கிருமி மீன்களுக்கு வருகிறது. அந்த மீன்கள் மெலிந்து, முதுகு வளைந்து சாகும். கையில் காயம் உள்ளவர் அந்தத் தண்ணீரில் கை விட்டால் விரலில் புண் வரலாம். அந்தப் புண் வாரக்கணக்கில் ஆறாது. அப்படி வந்தால், மீன் தொட்டியில் வேலை செய்வதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். காயம் இருந்தால் கையுறை போட வேண்டும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

வருமுன் காப்பது

புதிதாக வாங்கிய மீனை நேரே பழைய தொட்டியில் விடக் கூடாது. இரண்டு மூன்று வாரம் தனியே வைத்துப் பார்க்க வேண்டும். செத்த மீனைக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். நோய் வந்த வலையையும் காலித் தொட்டியையும் பிளீச்சிங் தூள் கரைத்த நீரில் கழுவ வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் பலமுறை அலசி வெயிலில் காயவிட வேண்டும். நோயுள்ள மீனை விற்கக் கூடாது. ஒருமுறை ஏமாந்த வியாபாரி மறுமுறை வரமாட்டார்.

அந்த வீட்டுக்கார அம்மா இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். தீனி போட்டதும் உடனே திரும்பிப் போவதில்லை. ஐந்து நிமிடம் நின்று பார்க்கிறார். எந்த மீன் வரவில்லை? எந்த மீன் தேய்க்கிறது? எதன் துடுப்பு மடங்கியிருக்கிறது? செலவில்லாத அந்த ஐந்து நிமிடம்தான் தொட்டியைக் காக்கிறது.

கலந்து பேசுங்கள்

1. பஞ்சு போன்ற வெள்ளைக்கும் தட்டையான வெள்ளைக்கும் என்ன வேறுபாடு?
2. 50 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 30 உயரத்துக்குத் தண்ணீர் உள்ள தொட்டிக்கு, லிட்டருக்கு 1 கிராம் வீதம் எவ்வளவு உப்பு வேண்டும்?
3. மனிதர் மாத்திரையைத் தொட்டியில் ஏன் போடக் கூடாது?