விமானி அறைக் கட்டுப்பாட்டுக் கோல்: ஆணைக்கருவியும் அறிகுறிக்கருவியும்

ஆய்வுச்சுருக்கம்

விமானியின் ஆணையை மின்குறிப்பாக மாற்றிக் கணினி வழியே செயற்படுத்தும் ‘ஃப்ளை-பை-வயர்’ முறை நவீனப் பயணியர் விமானங்களின் அடிப்படைத் தொழில்நுட்பமாகும். இம்முறை பறத்தலின் பாதுகாப்பை உயர்த்தியது. அதே வேளையில், கட்டுப்பாட்டுக் கோல் வழியே விமானிகள் பெற்றுவந்த தொடுவுணர்வுத் தகவலின் நிலையையும் மாற்றியது. ஏர்பஸ், போயிங் விமானங்களின் வடிவமைப்பை ஒப்பிட்டு இம்மாற்றத்தை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: ஃப்ளை-பை-வயர், கட்டுப்பாட்டுக் கோல், தாக்குகோணம், தொடுவுணர்வு, விமானப் பாதுகாப்பு.

முன்னுரை

தொடக்ககால விமானங்களில் விமானியின் கைக்கும் இறக்கை, வால் ஆகியவற்றின் அசையும் பரப்புகளுக்கும் இடையே எஃகு வடங்களும் கப்பிகளும் இருந்தன. காற்றின் எதிர்விசை அவ்வடங்களின் வழியே கைக்குத் திரும்பி வந்தது. விமானங்கள் பெரிதானபோது மனிதவிசை போதாமையால் ஹைட்ராலிக் விசை துணைக்கு வந்தது. அப்போது கைக்கு வரும் எதிர்விசையைச் செயற்கையாக உருவாக்க வேண்டிய தேவையும் எழுந்தது. கான்கார்டு விமானம் மின்வழிக் கட்டுப்பாட்டை முன்னரே கையாண்டிருப்பினும், கணினிசார்ந்த எண்ணிம முறையைப் பயணியர் போக்குவரத்துக்குக் கொண்டுவந்தது ஏர்பஸ் ஏ320 ஆகும். அது 1987 பிப்ரவரியில் முதன்முதலாகப் பறந்தது. 1988இல் சேவைக்கு வந்தது.

ஏ320: கணினி வகுத்த எல்லைகள்

ஏ320இல் விமானிகளின் முன்னிருந்த பெரிய கட்டுப்பாட்டுத் தண்டு நீக்கப்பட்டது. தலைமை விமானியின் இடப்பக்கத்திலும் துணை விமானியின் வலப்பக்கத்திலும் சிறிய பக்கக் கோல்கள் அமைந்தன. இயல்புநிலையில் இக்கோலின் அசைவு எந்தப் பரப்பையும் நேரடியாக அசைப்பதில்லை. முன்பின் அசைவு விமானம் ஏற்கவேண்டிய சுமைக்காரணியையும், பக்கவாட்டு அசைவு உருளும் வேகத்தையும் கோருகின்றன. கோரிக்கையை நிறைவேற்ற எந்தப் பரப்பு எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதைக் கணினிகளே கணிக்கின்றன. இப்பணிக்கு ஏழு கணினிகள் உள்ளன. ஒரே பிழை அனைத்தையும் முடக்காதிருக்க, அவற்றுள் வேறுபட்ட செயலிகளும் மென்பொருள்களும் பயன்படுத்தப்பட்டன.

இக்கணினிகள் எல்லைகளையும் காக்கின்றன. சக்கரங்களும் இறக்கை மடிப்புகளும் உள்வாங்கிய நிலையில் சுமைக்காரணி 2.5ஐத் தாண்டாது, பக்கச்சாய்வு 67 பாகையைக் கடக்காது. விமானி கோலை முழுமையாகப் பின்னிழுத்தாலும் தூக்குவிசை குலையும் தாக்குகோணத்தை விமானம் எட்டாது.

இணைந்த கோலும் இணையாத கோலும்

1995இல் சேவைக்கு வந்த போயிங் 777உம் ஃப்ளை-பை-வயர் விமானமே. எனினும் அதில் பழைய வடிவக் கட்டுப்பாட்டுத் தண்டுகள் தக்கவைக்கப்பட்டன. ஒன்று அசைந்தால் மற்றொன்றும் அசையும். தானியங்கிப் பறத்தலின்போதும் அவை அசைந்து காட்டும். எல்லையை நெருங்கும்போது தண்டு கனக்கும்; ஆயினும் விமானி மிகுவிசையால் அதனைக் கடக்கலாம். ஏ320இன் பக்கக் கோல்களோ ஒன்றோடொன்று இணைக்கப்படாதவை. இருவரும் ஒருசேர அசைத்தால் கணினி அவ்விரு குறிப்புகளையும் கூட்டி ஏற்கும். ஒருவர் முன்னும் மற்றவர் பின்னும் சம அளவில் தள்ளினால் விளைவு சுழியாகும். ஒருவரே பொறுப்பேற்க முன்னுரிமைப் பொத்தான் உண்டு. ஆயினும் ஒருவர் கோலை எவ்வாறு பிடித்திருக்கிறார் என்பதை மற்றவரின் கை அறிவதில்லை.

2009 விபத்து உணர்த்துவது

இவ்வேறுபாட்டின் முக்கியத்துவத்தை 2009 சூன் 1 அன்று ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிசு நோக்கிச் சென்ற ஏர் பிரான்சு 447 விபத்து உணர்த்துகிறது. பக்கக் கோல்கள் கொண்ட அந்த ஏ330 விமானத்தின் வேகமளக்கும் பிட்டோ குழாய்கள் பனிப்படிகங்களால் அடைபட்டன. தானியங்கி விமானி விலகியது. கணினி மாற்றுநிலைக்குச் சென்றதால் தாக்குகோணக் காப்பும் நீங்கியது. வலப்பக்க விமானி கோலைப் பின்னிழுத்தார். விமானம் 35,000 அடியிலிருந்து ஏறத்தாழ 38,000 அடிவரை ஏறித் தூக்குவிசையை இழந்தது. தானியங்கி விலகியதிலிருந்து நான்கரை நிமிடத்துக்குள் அது கடலில் மோதியது. 228 பேரும் உயிரிழந்தனர். தாம் வெகுநேரமாகக் கோலைப் பின்னிழுத்திருப்பதை அவ்விமானி வாய்விட்டுக் கூறியபோது, மோதலுக்கு ஒரு நிமிடமும் எஞ்சியிருக்கவில்லை. ஒருவரது பக்கக் கோலின் அசைவை மற்றவர் எளிதில் காண இயலாமையைப் பிரெஞ்சு விசாரணை அமைப்பின் 2012 இறுதியறிக்கையும் சுட்டியது.

எனினும் கோலின் வடிவமே விபத்துக்குக் காரணம் எனக் கொள்வது பொருந்தாது. அதே ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ அருகே விழுந்த கோல்கன் 3407 விமானத்தில் இணைந்த தண்டுகளே இருந்தன. அங்கும் தண்டு அதிர்ந்து எச்சரித்தபின் தலைமை விமானி அதனைப் பின்னிழுத்தார். தகவல் கைக்கு எட்டுவது ஒன்று. அதனைப் பொருள்கொள்வது மற்றொன்று. பின்னதற்குப் பயிற்சியே துணை.

முடிவுரை

கட்டுப்பாட்டுக் கோல் விமானி விமானத்துக்கு ஆணையிடும் கருவி மட்டுமன்று. விமானமும் உடன்விமானியும் அவருக்குச் செய்தி உணர்த்தும் கருவியுமாகும். வடங்களில் இவ்விரு பணிகளும் இயல்பாகவே ஒன்றியிருந்தன. மின்வழி முறை அவற்றைப் பிரித்தமையால் இரண்டாவது பணியைத் தனியே வடிவமைக்க வேண்டியதாயிற்று. இரு பக்கக் கோல்களையும் மின்னணு வழியே ஒருங்கே அசையச் செய்யும் ‘செயலூக்கக் கோல்கள்’ கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி500 போன்ற விமானங்களில் இடம்பெற்றிருப்பது இத்தேவை உணரப்பட்டமைக்குச் சான்றாகும். கணினி காக்கும் எல்லைகள் செயலற்றுப்போகும் வேளையில், ஒருவர் கை செய்வதை மற்றவர் கை அறிவது இன்றியமையாததாகிறது.