உள்ளே போய் வந்த வெளிச்சம்

அப்பத்தாவின் புகைப்படம் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஊரில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. எடுப்பதற்கு முன் ஸ்டூடியோக்காரர் முகத்துக்குப் பவுடர் பூசச் சொல்லியிருக்கிறார். "இல்லாட்டி கறுப்பா விழுந்துரும் ஆத்தா" என்றாராம். கறுப்பாக விழவில்லை, சாம்பலாக விழுந்தது. நான் மடியில் படுத்துப் பார்த்த முகம் அது இல்லை.

அந்தப் படத்தில் என்ன தப்பு என்று எனக்குப் புரிந்தது பல வருடங்கள் கழித்து. கடல் தாண்டி வந்து முதுகலை படித்தபோது, கணினி வரைகலை வகுப்பில் ஒரு டம்ளர் பால் வரைய வேண்டியிருந்தது. டம்ளர் நன்றாக வந்தது. மேஜை வந்தது. பால் மட்டும் வரவில்லை. சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றியதுபோல் இருந்தது.

காரணம் இதுதான். நான் பயன்படுத்தியது 1975-இல் பூய் துவோங் ஃபாங் என்ற வியட்நாமியர் வெளியிட்ட சூத்திரம். கணினிப் படங்களில் நெடுங்காலம் கோலோச்சியது. வெளிச்சம் ஒரு புள்ளியில் பட்டால் அதே புள்ளியிலிருந்து திரும்புகிறது என்று அது வைத்துக்கொள்கிறது. பிளாஸ்டிக் பந்துக்கு அது போதும். பாலுக்குப் போதாது.

ஒரு பொருளைப் பார்க்கும்போது நம் கண்ணுக்கு வருவது இரண்டு வகை வெளிச்சம். ஒன்று, உள்ளே நுழையாமல் வாசலிலேயே திரும்பிவிடுவது. இன்னொன்று, உள்ளே போய், அலைந்து, கொஞ்சம் செலவாகி, மீதி வெளியே வருவது.

வாசலில் எவ்வளவு திரும்பும் என்பதை ஒளிவிலகல் எண் சொல்லிவிடுகிறது. நேராக விழும் வெளிச்சத்தில் தண்ணீர் (1.33) சுமார் 2 சதவீதத்தைத் திருப்புகிறது. கண்ணாடி (1.5) 4 சதவீதம். வைரம் (2.42) ஏறக்குறைய 17 சதவீதம். சாய்வாக விழுந்தால் இந்த அளவு ஏறிக்கொண்டே போகும். ஊருணிக் கரையில் நின்று காலடியில் குனிந்து பார்த்தால் தரை தெரியும். அக்கரைப் பக்கம் பார்த்தால் வானம்தான் தெரியும். தண்ணீர் அதேதான், கோணம்தான் வேறு.

இப்படி வாசலில் திரும்பும் வெளிச்சத்துக்குப் பொருளின் நிறம் ஒட்டுவதில்லை. மஞ்சள் பிளாஸ்டிக் வாளியின் பளபளப்பைப் பாருங்கள், வெள்ளையாக இருக்கும். உலோகம் இதற்கு விலக்கு. தங்க வளையலின் பளபளப்பே மஞ்சள். உள்ளே புகும் வெளிச்சத்தை உலோகம் உடனே விழுங்கிவிடுவதால், அதன் நிறம் முழுக்க வாசலிலேயே தீர்மானமாகிறது.

மற்றப் பொருள்களின் நிறம் உள்ளே போய் வந்த வெளிச்சத்தில் இருக்கிறது. உப்புக் கல் ஒன்றை எடுத்துப் பாருங்கள், கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரி இருக்கும். பொடித்தால் வெள்ளை. உப்பு மாறவில்லை, வாசல்கள் பெருகிவிட்டன. ஒவ்வொரு துகளின் விளிம்பிலும் வெளிச்சம் வளைந்து, திரும்பி, சிதறி, எல்லா நிறங்களும் கலந்தபடியே வெளியே வருகிறது.

இதற்கு நேரெதிர், பஜ்ஜி மடித்த காகிதம். காகிதம் வெள்ளையாக இருப்பது, நார்களுக்கு நடுவே காற்று இருப்பதால். அந்த இடத்தில் எண்ணெய் புகுந்தால் நாருக்கும் எண்ணெய்க்கும் ஒளிவிலகல் எண் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகிறது. வெளிச்சத்துக்கு அங்கே வாசலே தெரிவதில்லை, நேரே போய்விடுகிறது. பின்பக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரிகிறது. நனைந்த துணி நிறம் கறுத்துத் தெரிவதற்கும் இதே காரணம்தான். வெளிச்சம் சீக்கிரம் திரும்பாமல் ஆழமாகப் போகிறது, போகிற வழியில் சாயம் அதை விழுங்குகிறது.

பாலில் மிதப்பவை கொழுப்புத் துளிகளும் கேசின் என்ற புரதத் துகள்களும். அவற்றில் மோதி மோதி, புகுந்த இடத்தை விட்டுத் தள்ளி வேறொரு இடத்தில் வெளிச்சம் வெளியேறுகிறது. பாலின் அந்த மென்மை அங்கிருந்து வருவது. இந்த அலைச்சலைக் கணக்கிடும் சமன்பாடுகளை விரிவாக ஆராய்ந்த நூல், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1950-இல் வெளியிட்டது. அவர் யோசித்தது நட்சத்திரங்களின் வெளி அடுக்குகளைப் பற்றி. பால் டம்ளருக்குள்ளும் கணக்கு அதேதான். அந்தக் கணக்கைக் கணினிப் படங்களுக்குத் தோதாகச் சுருக்கித் தந்தது, ஹென்ரிக் வான் ஜென்சனும் மூன்று நண்பர்களும் 2001-இல் எழுதிய கட்டுரை. அந்த வழிக்காக அவருக்கும் அந்தக் குழுவில் இருவருக்கும் 2004-இல் ஆஸ்கரின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. பால் வரைந்த வழியிலேயே பளிங்கும் வந்தது, மனிதத் தோலும் வந்தது.

தோல் பகுதியை நிரலாக எழுதும்போதுதான் அப்பத்தா நினைவுக்கு வந்தார். தோலின் ஒளிவிலகல் எண் சுமார் 1.4. வாசலில் திரும்புவது 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. கறுப்போ சிவப்போ, இந்த எண் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றே. உள்ளே போய்வரும் வெளிச்சத்தில்தான் வித்தியாசம். கறுத்த தோலில் மெலனின் அதிகம், திரும்பி வருவது குறைவு. ஆகவே கறுத்த முகத்தில் கன்ன எலும்பையும் நெற்றியையும் மூக்கின் வளைவையும் நமக்குக் காட்டுவதில் வாசல் வெளிச்சத்தின் பங்கு மிகப் பெரியது. மினுமினுப்பு அங்கே குறையல்ல, முகத்தின் வடிவமே அதில்தான் இருக்கிறது.

பவுடர் என்ன செய்கிறது? அது பொடித்த உப்பின் கதை. நுண்ணிய துகள்கள் வெளிச்சத்தை உள்ளே விடாமல் நாலாபக்கமும் சிதறடிக்கின்றன. மினுமினுப்பு போகிறது. தோலின் சொந்த நிறத்தின் மேல் எங்கும் ஒரே மாதிரி ஒரு வெள்ளை படிகிறது. கறுப்பின் மேல் வெள்ளை படிந்தால் சாம்பல்.

ஸ்டூடியோக்காரரைக் குறை சொல்லமாட்டேன். ஃப்ளாஷ் போன்ற சின்ன விளக்கு எதிரே நின்று அடித்தால் நெற்றியில் வெள்ளைப் புள்ளி விழும். அதை மறைக்க அவருக்குத் தெரிந்தது பவுடர். விளக்கைப் பெரிதாக்கிப் பக்கவாட்டில் வைத்திருந்தால் அந்தப் புள்ளியே மெல்லிய மினுக்கமாக முகம் முழுக்கப் பரவியிருக்கும். அதற்கு ஸ்டூடியோகூட வேண்டாம், வெயில் நேராக விழாத ஒரு ஜன்னல் போதும். நீங்களும் செய்து பார்க்கலாம்.

அப்பா இங்கே வந்திருந்தபோது செய்து பார்த்தேன். படம் எடுக்கவேண்டும் என்றதும் பவுடர் டப்பாவைத் தேடிப் போனார். வேண்டாம் என்று சொல்லி ஜன்னலோரம் உட்காரவைத்தேன். வெளியே மேகம் மூடிய பகல். பின்னால் வெள்ளைச் சுவர் வராமல் பார்த்துக்கொண்டு, ஃப்ளாஷை அணைத்துவிட்டு எடுத்தேன்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"எங்க ஆத்தா மொகம்டா இது" என்றார்.