டோக்கன் செல்லாத கடல்

கச்சத்தீவு என்று அட்டையில் போட்டால் இதழ் விற்கும், தெரியும். ஆனால் கேட்கவேண்டிய கேள்வி அந்த 285 ஏக்கரில் இல்லை. ராமேசுவரம் மீனவர்கள் வாங்கும் டோக்கனில் இருக்கிறது.

வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மற்ற நாள்களில் நாட்டுப்படகு. மீன்வளத் துறையின் டோக்கன் இல்லாமல் விசைப்படகு கிளம்பக்கூடாது. வலை அறுந்து, கைகலப்பாகி, பேசிப்பேசி இரு தரப்பும் வந்துசேர்ந்த ஏற்பாடு இது. மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருப்பதால், 1983-ஆம் ஆண்டின் கடல் மீன்பிடிச் சட்டமும் கையில் இருந்ததால், மாநில அரசால் அதை நடைமுறைப்படுத்த முடிந்தது.

எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கமும் இதே சண்டைதான். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் சிறு படகுக்காரர்கள் சொல்கிறார்கள்: ‘ரோலர் (இழுவைமடி விசைப்படகு) வந்தால் எங்கள் வலை மிஞ்சாது.’ 2010 ஆகஸ்டில் இரு கரை மீனவர்களும் சென்னையில் உட்கார்ந்து பேசினார்கள். ஓராண்டில் இழுவைமடியை நிறுத்துவது, அதுவரை ஆண்டில் 70 நாள் மட்டும் அதைக் கொண்டு மீன்பிடிப்பது என்று ஒப்புக்கொண்டார்கள். விசைப்படகு முதலாளிகள் இவ்வளவுக்கு இறங்கிவந்தது சாதாரண விஷயமல்ல. ஆனால் இரண்டு அரசுகளும் அதை ஏற்று நடத்தவில்லை. வெளியுறவு டெல்லியிடம், 12 கடல்மைலுக்கு அப்பால் மீன்பிடியும் டெல்லியிடம். ஒப்புக்கொண்டவர்கள் கையில் டோக்கன் கொடுக்கும் அதிகாரம் இல்லை.

ஐரோப்பாவில் 1980-லேயே மாட்ரிட்டில் ஓர் உடன்படிக்கை போட்டு, எல்லையோர ஊராட்சிகளும் மாகாணங்களும் தங்களுக்குள் பேசி முடிக்க வழிசெய்தார்கள். 2006-இல் வந்த விதியின்படி இரு நாட்டு நகராட்சிகள் சேர்ந்து ஒரே சட்ட அமைப்பாகவே இயங்கலாம். இங்கே 2016-இல் அமைந்த இந்திய-இலங்கை மீன்பிடிக் கூட்டுப் பணிக்குழு இரு தலைநகரங்களின் ஏற்பாடு. மறுவருடம் இலங்கை இழுவைமடியைச் சட்டம்போட்டுத் தடைசெய்தது. அதே வருடம் நம் பக்கம் படகு ஒன்றுக்கு 80 லட்ச ரூபாய் என்று ஆழ்கடல் படகுத் திட்டம் வந்தது. இரு அரசுகளும் ஒன்றோடொன்று பேசிவைத்துச் செய்ததாகத் தெரியவில்லை.

எல்லை என்பது நாட்டின் பாதுகாப்பு, அதை மாநிலத்திடம் விடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எல்லையை யாரும் கேட்கவில்லை. மீன்பிடி நாள்களைப் பிரித்துக்கொள்ளும் உரிமையைத்தான் கேட்கிறோம்.

என்னைக் குடைவது வேறு. நாளையே சென்னைக்கு அந்த அதிகாரம் கிடைத்தாலும் எதிரே உட்கார ஆள் வேண்டுமே? வடக்கு மாகாண சபைக்கு மீன்பிடியில் இருப்பதே கொழும்போடு பகிர்ந்துகொள்ளும் அதிகாரம். அந்தச் சபையின் காலமும் 2018 அக்டோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் இல்லை. மாகாணம் ஆளுநர் கைக்குத்தான் போயிற்று.