கருவிப் பயிற்சியும் நம் பிள்ளைகளும்

கல்வி என்றதும் நம்மவர் மனக்கண்முன் நிற்பன புத்தகமும் பேனாவுமே. சுத்தியலும் திருப்புளியும் தறியும் நினைவுக்கு வருவதில்லை. கருவி பிடிப்பது கல்லாதார் காரியம் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. கூட்டுறவு அன்பர்களாகிய நாம் அதனைக் களைந்தாக வேண்டும்.

பின்லாந்து தேசத்தில் உனோ சிக்னேயஸ் என்னும் கல்வியாளரின் முயற்சியால், 1866-ஆம் ஆண்டிலேயே கைத்தொழில் பள்ளிப் பாடமாயிற்று. பிள்ளைகளைத் தச்சராக்குவதன்று அவர் நோக்கம். கண்ணும் கையும் கருத்தும் ஒன்றுபட்டுப் பழகவேண்டும் என்பதே. நம் நாட்டிலும் 1937-இல் வார்தா மாநாட்டில் காந்தியடிகள், கைத்தொழில் வழியாகவே கல்வி புகட்டும் ஆதாரக் கல்வியை முன்வைத்தார்.

ஆயினும், 1953-இல் சென்னை ராஜ்யத்தில் வந்த திட்டம் வேறு வகையினது. பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பழகவேண்டும் என்றது அது. குலக்கல்வி என்று மக்கள் எதிர்த்தனர். 1954-இல் காமராஜர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. நெசவாளி மகனைத் தறிக்குழியிலேயே கட்டிப்போடும் என்ற அவர்களது அச்சம் நியாயமானதே.

நாம் வேண்டுவது அதற்கு நேர்மாறானது. பிறப்புப் பாராமல், ஆண் பெண் பேதமின்றி, அனைவருக்கும் பள்ளியிலேயே பயிற்சி வேண்டும். தறிக்காரர் மகள் பம்பு மோட்டாரைப் பிரித்துப் பூட்டட்டும். அதிகாரி மகன் தார் சுற்றட்டும்.

இதனால் ஏட்டுக் கல்வி குன்றாது. ஒரு சிட்டம் நூல் 840 கெஜம். பவுண்டுக்கு 40 சிட்டம் நின்றால் அது 40-ஆம் நம்பர் நூல். அதன் நீளம் 33,600 கெஜம். பெருக்கல் கணக்கைக் கற்பிக்க இதனினும் நல்ல வழி ஏது?

பாதுகாப்பும் இங்கேதான் பழக்கமாகவேண்டும். ஓடும் இயந்திரத்தில் கை வைத்தலாகாது. தளர்ந்த ஆடையுடன் சுழலும் பட்டை அருகே நிற்றலாகாது. பழுது பார்க்குமுன் மின்சாரத்தை நிறுத்தவேண்டும். கதிரடிக்கும் இயந்திரத்தில் விரலிழந்த பின்னர் கற்கும் பாடம் யாருக்குப் பயன்படும்?

சங்கங்கள் செய்யக்கூடியது உண்டு. உபயோகமற்றுக் கிடக்கும் தறியையும் பழைய பம்பையும், முறைப்படி தீர்மானித்து, அருகிலுள்ள பள்ளிக்கு அளிக்கலாம். கைதேர்ந்த அங்கத்தினர் ஒருவர் வாரம் ஒரு மணி நேரம் சென்று கற்பிக்கலாம். அடுத்த மகாசபையில் இதனைத் தீர்மானமாகக் கொணர்வீர்களாக.