செம்பனைக் குலையும் வடிவமைப்புப் பொறியாளரும்

மாணவர்களே, பகாவ் வட்டாரத் தோட்டங்களில் செம்பனைக் குலை அறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீண்ட கம்பு, முனையில் அரிவாள், நாள் முழுக்க அண்ணாந்தே வேலை. கழுத்தும் தோளும் விட்டுப்போயிடும். இயந்திர வடிவமைப்புப் பொறியாளரின் வேலை அந்த வலியிலிருந்துதான் தொடங்குது.

மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் உருவாக்கிய 'சந்தாஸ்' கருவியைப் பாருங்கள். சிறிய பெட்ரோல் இயந்திரம் கம்பின் அடியில். உள்ளே ஓடும் தண்டு உச்சி அரிவாளை அசைக்கும். ஏன் அடியில்? கம்பு சாயும்போது, கையிலிருந்து 3 மீட்டர் தள்ளியிருக்கும் 1 கிலோ எடை, 1 மீட்டரில் இருப்பதைவிட 3 மடங்கு திருப்புத்திறன் தரும். பாடநூல் நெம்புகோல்தான் இது!

மின்கலத்தில் ஓடினால் புகை இல்லை. ஆனா மின்கலத்தின் எடையை யார் சுமப்பது? நிலைத்தன்மை பற்றிக் கட்டுரை எழுதும்போது, மண்ணோடு அறுப்பவர் தோளையும் சேர்த்து எழுதுங்கள்.