கச்சான் காலத்துச் சுவர்கள்

ஊவா மலைகளில் வீட்டுச் சுவருக்குப் பூச்சு வேலை செய்வதற்கு உகந்த பருவம் ஒன்றே. ஆனி பிறந்து ஆவணி முடியும் வரை வீசும் கச்சான் காலமே அது. நுவரெலியாவும் ஹற்றனும் தென்மேற்குப் பருவமழையில் நனைந்து கிடக்கும் அந்நாட்களில், மலைமுடிகளைக் கடந்து இப்புறம் இறங்கும் காற்று தன் ஈரம் முழுவதையும் அப்பக்கத்திலேயே சொரிந்துவிட்டு வறண்டு வருகிறது. அதில் சற்றே வாடும் கொழுந்து ஒரு தனி மணம் பெறுகிறது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் உள்ள பெயர் அதனால் வந்ததே. அதே காற்று பிபிலையைத் தாண்டி மட்டக்களப்புக் கரையையும் சென்று சுடுகிறது. ஆகவே, கல்லடியிலும் களுவாஞ்சிக்குடியிலும் கடலோரத்து வீட்டுக்காரர் உப்புக் கசிந்த சுவரைச் சுரண்டி வர்ணம் தீட்டும் மாதங்களும், கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டங்களில் சுண்ணாம்பு வாளியைத் தூக்கும் மாதங்களும் ஏறக்குறைய ஒன்றே.

பருவம் ஒன்றுதான், வேலையின் பொருள் ஒன்றல்ல. கடலோரத்தான் தன் வீட்டுக்குத் தான் விரும்பிய நிறத்தைப் பூசி, மாலையில் திண்ணையில் அமர்ந்து அதன் அழகை நுகர்கிறான். மலையகத்துத் தொழிலாளிக்கு அந்த எளிய இன்பம் வாய்ப்பதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. பலருக்கு இன்னும் வாய்க்கவில்லை.

லயம் என்பதை அறியாத வாசகர் இருக்க மாட்டார்கள். ஆயினும் அதன் சுவரைப் பற்றிச் சிந்தித்தவர் சிலரே. 10 அடிக்கு 12 அடி அளவில் ஒரு காம்பரா, முன்னே ஓர் இஸ்தோப்பு, மேலே தகரம். ஒரு குடும்பத்தின் சுவர் மறு குடும்பத்துக்கும் சுவர். 1912இல் தொழிலாளரிடையே நோய் பரவுவதைத் தடுக்க இயற்றப்பட்ட சட்டம், லயங்களின் சுகாதாரத்தைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கியது. நோய்க் கிருமியை ஒழிக்கும் மலிவான மருந்து சுண்ணாம்பு. ஆகையால் லயத்துக்கு வெள்ளையடிப்பது அழகுக்காகவோ திருநாளுக்காகவோ எழுந்த வேலையன்று. பரிசோதனைக்கு வருபவரின் கண்ணுக்காக எழுந்தது. நிறத்தைத் தெரிந்தெடுக்கும் பேச்சுக்கே அங்கு இடமில்லை. முதல் காம்பரா முதல் கடைசிக் காம்பரா வரை ஒரே வெள்ளை.

ஆனால், மக்கள் சும்மா இருந்தார்களா? வெளிப்புறம் துரையினது, உட்புறம் எங்களது என்று வைத்துக்கொண்டார்கள். உள்ளே அரைச்சுவர் வரை செம்மண் குழைத்துப் பூசினார்கள். அடுப்படியைச் சாணமிட்டு மெழுகினார்கள். வெள்ளைக்குள் துணிக்கு இடும் நீலத்தைக் கலந்து, சுவாமி படம் மாட்டும் இடத்துக்கு மட்டும் வானத்தின் சாயலைக் கொண்டுவந்தார்கள். தீபாவளிக்கு முன் இவ்வேலைகள் முடிந்தாக வேண்டும். சொந்தமில்லாத சுவரின் மீது அவ்வளவு பிரியம் காட்டிய மக்கள் வேறெங்கும் உண்டோ, நான் அறியேன்.

சுண்ணாம்பைப் பற்றியும் இங்கே சிறிது சொல்ல வேண்டும். அது பள்ளி மாணவருக்கும் பயன்படும். சுண்ணக்கல்லையோ சிப்பியையோ பவளப்பாறையையோ சுமார் 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் நீற்றாத சுண்ணாம்பு கிடைக்கிறது. அதன்மேல் நீர் வார்த்தால் கொதித்துப் பொங்கி நீறுகிறது. அதை வடிகட்டி, பசைக்குச் சிறிது கஞ்சியும், பிடிப்புக்கு ஒரு கை உப்பும் சேர்த்துத் தென்னை நார் மட்டையால் அடிப்பார்கள். அடித்த வேளையில் சுவர் மங்கலாகவே தோன்றும். காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உட்கொண்டு அது மீண்டும் கல்லாக மாறும்போதுதான் வெண்மை கூடிவருகிறது. அதற்கு நாட்கள் வேண்டும். மழையற்ற நாட்கள் வேண்டும். கச்சானின் அருமை இதில்தான் இருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சுக்கு மற்றொரு குணமும் உண்டு. அது சுவரை மூச்சுவிட விடுகிறது. உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழி இருக்கிறது. இக்காலத்துப் பளபளக்கும் பிளாஸ்டிக் வர்ணத்தை ஓதம் ஏறிய சுவரின்மேல் பூசினால், அடுத்த தை மாதத்துக்குள் கொப்புளித்துச் செதில் செதிலாக உதிர்ந்துவிடும். விளம்பரப் படத்தில் புன்னகை செய்யும் குடும்பத்தாரின் வீடு மழைக்காட்டு ஓரத்தில் இல்லை என்பதை வாங்குவோர் நினைவிற்கொள்வது நல்லது.

இந்த வெண்மையின் பிறப்பிடத்தை ஆராய்ந்தால் கடலோரத்துக்கே போய்ச் சேருகிறோம். மலைநாட்டிலும் சுண்ணக்கல் உண்டெனினும், இலங்கையின் கட்டிடச் சுண்ணாம்பில் பெரும்பங்கு நெடுங்காலம் தென்மேற்குக் கரையின் பவளப்பாறைகளைச் சுட்டே எடுக்கப்பட்டது. பின்னர் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் அதனைத் தடை செய்தது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை எழுந்தபோது அதன் காரணம் எல்லோருக்கும் விளங்கிற்று. பவளப்பாறை காப்பாற்றப்பட்டிருந்த ஹிக்கடுவையில் அலையின் வேகம் தணிந்தது. பாறையை வெட்டியெடுத்திருந்த பெரலியப் பகுதியில் அது நெடுந்தூரம் உள்ளே பாய்ந்தது. ஒரு சுவரை வெளுப்பதற்காக வேறொரு சுவரை இடித்திருந்தோம்.

மலையிலும் இத்தகையதொரு கணக்கு இருந்தது. காட்டை அழித்துக் கோப்பியும் பின்னர் தேயிலையும் நட்ட சரிவுகளில், மண்ணைப் பிடித்திருந்த ஆழமான வேர்கள் இல்லாது போயின. அம்பிட்டிகந்தைத் தோட்டத்தின் மீரியபெத்தப் பிரிவு அபாயமான இடம் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை தாளில் இருந்தது. மக்கள் லயத்தில் இருந்தார்கள். போக வேறிடம் இல்லாதவனிடம் போய்விடு என்பது எச்சரிக்கையாகுமா? 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலையில், பிள்ளைகள் பள்ளிக்கும் பெரியோர் மலைக்கும் புறப்படும் வேளையில், மலை இறங்கி வந்து லயங்களைத் தன்னுள் புதைத்துக்கொண்டது. கோவிலும் சுவர்களும் தடமின்றிப் போயின. பலருடைய உடல்கள் மண்ணுக்குள்ளேயே இருக்கின்றன.

தப்பியவர்கள் முதலில் பள்ளிக்கூடங்களிலும், பிறகு கைவிடப்பட்ட ஒரு தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கினர். 2016 அக்டோபரில் மக்கல்தெனியவில் 75 வீடுகள் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. 7 பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டம் மலையகத்தில் தொடங்கிய காலம் அது. இந்திய உதவியுடன் 4,000 வீடுகள் எழும்பலாயின. மேலும் 10,000 வீடுகள் கட்டித்தரப்படும் என்று 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்டது. குடியுரிமையை 1948இல் இழந்து 2003இல் ஒருவாறு முழுமையாகப் பெற்ற சமூகத்துக்குச் சொந்தச் சுவர் கிடைத்த கதை சுருக்கமாக இவ்வளவே. வீடு கிடைத்தும் உறுதிப்பத்திரம் கைக்கு வராத குடும்பங்கள் பல உண்டு என்பதையும் சொல்லாது விடலாகாது.

சென்ற கச்சான் காலத்தில், கொஸ்லந்தைக்கு மேலுள்ள அத்தகைய புதிய வீடொன்றுக்குச் சென்றிருந்தேன். வாசலில் வர்ண வாளிகள். மூங்கில் ஏணியின்மேல் பேரன். கீழே நின்று கட்டளையிடும் மூதாட்டி. முப்பத்தைந்து ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர் அவர். முன்சுவருக்கு மஞ்சள் வேண்டும் என்பது அவர் கட்சி. கடல் நீலம் வேண்டும் என்பது மருமகளின் கட்சி. வழக்கு முடிந்து, முன்புறம் நீலமும் பக்கங்கள் மஞ்சளுமாக இரு கட்சியும் வென்றிருந்தன.

"லயத்துல இருந்தப்ப தோட்டத்துல வெள்ளையடிச்சா அடிச்சதுதான், மாஸ்டர். எந்தக் கலரு வேணும்னு எங்கள யாரு கேட்டா? இப்பப் பாருங்க, கலருக்குச் சண்ட போடுறோம்" என்று சிரித்தார்.

அச்சண்டையைக் கேட்க எனக்கு மிக்க இன்பமாக இருந்தது. நிறம் பொருந்தவில்லை என்று அழகுணர்ச்சி பேசும் நண்பர்கள் மலையகத்துப் புதிய வீடுகளைப் பார்த்து முகம் சுளிப்பதுண்டு. ஊதாவும் பச்சையும் செம்மஞ்சளும் ஒரே வரிசையில் நிற்பது அவர்கள் கண்ணை உறுத்துகிறதாம். நூறு காம்பராவுக்கு ஒரே வெள்ளை என்றிருந்த நாளில் உறுத்தாத கண் இன்று ஏன் உறுத்த வேண்டும்?

தேநீர் வந்தது. இஸ்தோப்பில் அமர்ந்தோம். கீழே வெல்லவாயச் சமவெளி வெயிலில் பழுப்பேறிக் கிடந்தது. தென்கோடியில் வானமும் நிலமும் கலக்குமிடத்தைப் பேரன் விரல் நீட்டிக் காட்டி, "அங்கிட்டுத்தான் கடல்" என்றான். அவன் இன்னும் கடலைப் பார்த்ததில்லை. நீல வர்ணத்தைத் தெரிந்தெடுக்க அவனும் தாய் பக்கம் வாக்களித்தவன் என்று பின்னர் அறிந்தேன்.

எழுந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தபோது, பின்சுவரின் மூலையில் ஒரு சாண் அகலத்துக்கு வர்ணம் பூசாமல் விட்டிருப்பதைக் கண்டேன். அவ்விடத்தில் மயிரிழை போன்ற வெடிப்பொன்று சாய்வாக ஓடியது. அதன் நுனியில் பென்சிலால் ஒரு கோடும், கோட்டருகே மாதமும் நாளும் குறித்திருந்தன. சுவரில் புதிய வெடிப்பு, திடீரென இறுகும் கதவு, சாயும் மரம், கலங்கி வரும் ஊற்று ஆகியவை மலை அசைவதன் அறிகுறிகள் என்று அதிகாரிகள் கிராமந்தோறும் சொல்லிவருகிறார்கள். 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் வீசியபோது பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மலை சரிந்தது. அதன் பின் இதை அலட்சியம் செய்வார் இல்லை. பூச்சிலே தோன்றும் சிறு கீறல் வேறு, அத்திவாரத்திலிருந்து ஏறிவரும் வெடிப்பு வேறு. இரண்டையும் பிரித்தறிவதற்குப் பல மாதங்கள் கவனித்திருக்க வேண்டும். சுண்ணாம்போ வர்ணமோ ஒரு பூச்சு ஏறினால், அந்தக் கவனம் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிவிடும்.

"இதுமேல மட்டும் பூச வேணாம்னு சொல்லிப்புட்டேன், மாஸ்டர். பூசிட்டா அது நடக்குதா நிக்குதான்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்றார் மூதாட்டி.

கோட்டைக் குனிந்து பார்த்தேன். சித்திரையில் இட்ட குறியைத் தாண்டி வெடிப்பு நகரவில்லை. ஐப்பசி மழை வந்ததும் மறுபடியும் பார்ப்பார்களாம்.