உங்கள் பேக்கப் எந்தப் பெட்டியில் இருக்கிறது?

சிட்லபாக்கத்தில் ஆடிட்டர் அலுவலகமோ, ஸ்கேன் சென்டரோ, தனியார் பள்ளியோ வைத்திருப்பவர் இந்தக் கேள்வியை இன்றே தன் கணினிக்காரரிடம் கேட்க வேண்டும். இப்போதைய ஏற்பாடு பல இடங்களில் இப்படித்தான்: ஒரு சர்வர், அதற்குள் மென்பொருளால் உருவாக்கிய மூன்று நான்கு மெய்நிகர் கணினிகள். தொழிலில் இருப்பவர்கள் வி.எம். என்பார்கள். ஒன்றில் டேலி ஓடும், இன்னொன்றில் நோயாளிப் பதிவோ கட்டண விவரமோ இருக்கும். இவற்றின் டிஸ்க்குகள் சர்வருக்குள் இருக்காது. நெட்வொர்க்கில் மாட்டிய நாஸ் என்ற சேமிப்புப் பெட்டியில் வெறும் கோப்புகளாக இருக்கும். சர்வர் பழுதானால் வேறொரு சர்வரிலிருந்து அதே கோப்பைத் திறந்து வேலையைத் தொடரலாம் என்பது இதன் நன்மை. அந்தப் பெட்டி போனால் அத்தனை கணினிகளும் ஒன்றாகப் போய்விடும் என்பது இதன் ஆபத்து.

“பேக்கப் இருக்கு சார்” என்று சொல்பவரிடம் எங்கே என்று கேட்டால், பல நேரம் அதே நாஸில் இன்னொரு ஃபோல்டரைத்தான் காட்டுவார். இல்லையென்றால் “ரெய்டு போட்டிருக்கோம்” என்பார். ஒரே தரவைப் பல டிஸ்க்குகளில் பரப்பி வைக்கும் ரெய்டு, ஹார்டு டிஸ்க் பழுதானால் மட்டுமே காப்பாற்றும். யாராவது ஒரு கோப்பை அழித்தால், அது எல்லா டிஸ்க்கிலிருந்தும் சேர்ந்தே அழியும். ஸ்னாப்ஷாட்டும் பேக்கப் ஆகாது. அது மூல டிஸ்க்கை அப்படியே நிறுத்திவிட்டு, அதற்குப் பிந்தைய மாற்றங்களை மட்டும் தனிக் கோப்பில் எழுதுகிறது. மூலம் போனால் அந்தக் கோப்பால் பயனில்லை. ஒரே ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்று வி.எம். மென்பொருள் தரும் வி.எம்.வேரே சொல்கிறது. மாதக்கணக்கில் விட்டால் அது வளர்ந்து பெட்டியை நிரப்பி, எல்லா வி.எம்.களையும் நிறுத்திவிடும். வீட்டுச் சாவியையும் மாற்றுச் சாவியையும் ஒரே வளையத்தில் கோத்து வைப்பதுபோல்தான் இவையெல்லாம்.

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களை, பணம் கேட்டுத் தரவைப் பூட்டும் ரான்சம்வேர் தாக்கியது. வெளிநோயாளிப் பதிவு முதல் பரிசோதனை முடிவு வரை எல்லாமே பல நாட்கள் காகிதத்தில் நடந்தன. ஐந்து சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தரவு பாதிக்கப்பட்டதாகவும், நெட்வொர்க்கை முறையாகப் பகுதி பகுதியாகப் பிரிக்காததே காரணம் என்றும் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. மருத்துவமனைத் தரவு திரும்பக் கிடைத்ததற்குக் காரணம், ஒரு பேக்கப் சர்வர் தாக்குதலில் சிக்காமல் தப்பியதுதான்.

டென்மார்க்கில் கிளவுட் சேவை தரும் கிளவுட்நார்டிக் நிறுவனத்துக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 2023 ஆகஸ்ட்டில் சர்வர்களை ஒரு தரவு மையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது, ஏற்கெனவே தொற்றியிருந்த சர்வர்கள் உள் நெட்வொர்க்கோடு இணைந்துவிட்டன. அந்த வழியாக நிர்வாகக் கணினிகளும், முதல் பேக்கப்பும், இரண்டாவது பேக்கப்பும் பூட்டப்பட்டன. பெரும்பாலான வாடிக்கையாளர்களின் தரவு முழுவதும் போய்விட்டது. பேக்கப் இரண்டு இருந்தும், இரண்டையும் ஒரே நெட்வொர்க்கிலிருந்தே எட்ட முடிந்தது. என்னைக் கேட்டால், சிறு அலுவலகங்கள் கற்க வேண்டிய பாடம் எய்ம்ஸைவிட இதில்தான் அதிகம்.

தாக்குதல் இல்லாமலும் எல்லாம் போகலாம். கோப்புகளாக இல்லாமல் டிஸ்க்காகவே பகிரும் சேமிப்பகம் உள்ள இடங்களில், வேகமாக பேக்கப் எடுப்பதற்காக அந்த டிஸ்க்கை விண்டோஸ் பேக்கப் சர்வருக்கு நேரடியாகக் காட்டுவார்கள். விண்டோஸுக்கு வி.எம்.வேரின் வடிவம் புரியாது. வெறும் டிஸ்க் என்று நினைத்து, டிஸ்க் மேனேஜ்மெண்டைத் திறந்ததும் ‘இனிஷியலைஸ் டிஸ்க்’ என்று ஒரு பெட்டி காட்டும். புதிதாக வேலைக்கு வந்த பையன் ஓகே கொடுத்தால், எல்லா வி.எம்.களையும் தாங்கும் டிஸ்க்கின் தலைப்பகுதி அழிந்துவிடும். அந்த டிஸ்க்கைப் படிக்க மட்டும் அனுமதி கொடுத்துக் காட்டுங்கள். விண்டோஸில் தானாக மவுண்ட் ஆவதையும் நிறுத்திவையுங்கள்.

இன்னொன்று வெள்ளம். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் பார்த்த தாம்பரம் பகுதியில், தரைத்தளத்தில் நாஸ், அதன் பக்கத்திலேயே பேக்கப் ஹார்டு டிஸ்க் என்று வைப்பது நியாயமே இல்லை. மாடிக்கு மாற்றினாலும் மின்சாரமும் இணையமும் நாட்கணக்கில் வராமல் போகலாம். ஒரு நகல் ஊருக்கு வெளியே இருக்க வேண்டும். இன்னொன்று, பேக்கப் முடிந்ததும் கழற்றி வைக்கும் டிஸ்க்கிலோ, குறித்த நாள்வரை யாராலும் அழிக்க முடியாதபடி பூட்டிய கிளவுட் இடத்திலோ இருக்க வேண்டும். பேக்கப் கணக்கின் பாஸ்வேர்டு, அலுவலக அட்மின் பாஸ்வேர்டாக இருக்கவே கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது ஒரு வி.எம்.ஐ வேறொரு கணினியில் ரீஸ்டோர் செய்து, டேலியைத் திறந்து, கடைசியாகப் போட்ட பில் இருக்கிறதா என்று உங்கள் கணக்காளரே பார்க்கட்டும். ஏனென்றால், ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸை அப்படியே நகலெடுத்தால், கோப்பு இருந்தும் திறக்காமல் போவதுண்டு.

சட்டமும் பேக்கப்பைக் கேட்கிறது. மின்னணுப் பதிவுகள் விபத்திலோ இயற்கைச் சீற்றத்திலோ அழிந்தால், நியாயமான காலத்துக்குள் மீட்கும் வகையில் பேக்கப் வைக்க வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. விதி 57. கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள் கணக்குப் புத்தகத்தின் பேக்கப்பை இந்தியாவிலுள்ள சர்வரில் தினமும் வைக்க வேண்டும் என்பது 2022 ஆகஸ்ட் திருத்தம். நோயாளிகள், மாணவர்களின் விவரங்கள் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன. அதன் 2025 விதிகள் பேக்கப்பைப் பெயர் சொல்லியே கேட்கின்றன. இந்தக் கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. பாதுகாப்பு ஏற்பாடுகளில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். தகவல் திருடு போனால்தான் மீறல் என்றில்லை. தரவைத் திறக்க முடியாமல் போவதும் மீறல்தான்.

தாக்குதல் நடந்துவிட்டால் முதலில் நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள். எதையும் ஃபார்மட் செய்யாதீர்கள். பூட்டிய கோப்புகளும் லாக் பதிவுகளும்தான் சாட்சியம். 1930க்கு அழையுங்கள், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள். தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்தின் சைபர் குற்றப் பிரிவிலும் புகார் கொடுக்கலாம். மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கு, தாக்குதல் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு. இழப்பீடு கேட்பதென்றால், தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி ஐந்து கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர் தீர்ப்பு அதிகாரியாக இருந்து விசாரிப்பார்.

பராமரிப்பு நிறுவனத்தின் கவனக்குறைவு என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? வணிக நோக்கத்துக்காக வாங்கிய சேவை என்று எதிர்த்தரப்பு சொல்லும். சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு விலக்கு உண்டு. மற்றவர்களுக்கு ஒப்பந்தம்தான் ஆயுதம். ஆனால் பல ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்த) தாள்களில் பேக்கப் என்ற சொல்லே இருக்காது. அடுத்த முறை புதுப்பிக்கும்போது நான்கு விஷயங்களை எழுதி வாங்குங்கள்: எத்தனை நாளுக்கொரு பேக்கப், எத்தனை மணி நேரத்தில் ரீஸ்டோர், சோதித்துக் காட்டும் தேதி, ஒப்பந்தம் முடியும்போது நகலையும் அதைத் திறக்கும் பாஸ்வேர்டையும் உங்களிடம் ஒப்படைக்கும் பொறுப்பு.